கார்பனை விடு, ஈயத்தைப் பிடி

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அசனத்தன்று பந்தி முடிந்த பிறகும் பூமிக்குக் கோடிக்கணக்கான வயது என்று நீயும், வேதப்படி 6,000 வருஷம்தான் என்று அத்தானும் வாதாடியதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். சொந்தக்காரர்கள் முன்னால் நடுவில் புகுந்து பேச மனமில்லை. ஆனால் இத்தனை வருஷம் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவள் சும்மா இருக்க முடியுமா?

பூமிக்கு 454 கோடி வயது என்று நீ சொன்னது சரி. அதற்கு நீ காட்டிய ஆதாரம்தான் தப்பு. “கார்பன் டேட்டிங் பண்ணிப் பார்த்துவிட்டார்கள்” என்றாய். கார்பனை வைத்துக் கோடி வருஷத்தை அளக்க முடியாது என்று அத்தான் சொன்னாரே, அது முழுக்க உண்மை. கார்பனில் தானாகச் சிதைகிற வகையான கார்பன்-14 ஏறக்குறைய 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். 50,000 ஆண்டுக்கு மேல் போனால் அளப்பதற்கு மிச்சமே இருக்காது. அதுவும் உயிரோடு இருந்த பொருளுக்குத்தான் அது உதவும். தூத்துக்குடிப் பக்கம் சிவகளையில் தோண்டி எடுத்த முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று கணித்தது அந்த முறையில்தான். நெல்லுக்குச் சரி, பாறைக்கு ஆகாது.

பாறைக்கு யுரேனியமும் ஈயமும் வேண்டும். மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் பிரித்தெடுக்கிறார்களே, ஜிர்கான், அதை எடுத்துக்கொள். பாறைக்குழம்பில் அந்தப் படிகம் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அநேகமாகச் சேர்க்காது. ஆகவே பின்னால் உள்ளே காணும் ஈயம், யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியத்திலும் இரண்டு வகை. ஒன்று பாதியாக 447 கோடி ஆண்டு, மற்றது 70 கோடி ஆண்டு. ஒரே படிகத்துக்குள் வேறுவேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள். நடுவில் ஈயம் கசிந்திருந்தால் இரண்டும் வேறுவேறு வயதைக் காட்டி, கசிவையே சொல்லிக்கொடுத்துவிடும். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது இதுதான். ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த ஜிர்கானில் ஒன்றுக்கு 440 கோடி வயது.

பூமியின் முதல் பாறைகள் உருகி உருமாறிப் போய்விட்டன. அதனால் கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்கர், பூமியோடு சேர்ந்து உருவான விண்கற்களின் ஈயத்தை அளந்து 1956-இல் 455 கோடி என்றார். 7 கோடி கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு எத்தனையோ கருவிகள் வந்தும் அந்த எண் பெரிதாக அசையவில்லை.

“அந்தக் காலத்தில் சிதையும் வேகம் வேறாக இருந்திருக்கலாமே?” என்று அத்தான் கேட்டது நல்ல கேள்வி. நீ சிரித்திருக்கக் கூடாது. 1987-இல் ஒரு நட்சத்திரம் வெடித்தது தெரிந்தது. அது சுமார் 1,68,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. வெடிப்பில் உண்டான கோபால்ட்-56 சிதைவதால்தான் அது ஒளிர்ந்தது. அதன் வெளிச்சம் மங்கிய வேகம், கோபால்ட்-56 இன்று நம் ஆய்வகத்தில் சிதைகிற வேகத்தோடு ஒத்துப்போனது. அந்த வெளிச்சம் புறப்பட்ட காலத்திலும் விதி இதேதான். இதைச் சொல்லியிருந்தால் அவர் யோசித்திருப்பார்.

6,000 வருஷம் என்று வேதத்தில் எந்த வசனத்திலும் இல்லை. அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் வம்ச வரலாறுகளைக் கூட்டி, படைப்பு கி.மு. 4004 என்று 1650-இல் வெளியிட்டார். பிற்பாடு ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அதை அச்சடித்ததால் ஜனங்கள் அதையும் வேதமாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்த எண்ணை விட்டால் விசுவாசத்தை விட்டதாக ஆகாது. நான் வேதத்தையும் கெமிஸ்ட்ரியையும் படித்தவள், இன்றைக்கும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறவள். இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல் ஐயரே, பழைய துறைமுகமான கொற்கையில் பழங்காலத்தை அறிய மண்ணைத் தோண்டிப் பார்த்தவர்தான்.

நீ “படிக்காதவர் பேச்சு” என்று சொன்னது எனக்கு வலித்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி பூராவும் கண்விழித்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டில்தான் இருப்பார், போன் போடு. கார்பனைப் பற்றி அவர் சொன்னதுதான் சரி என்று முதலில் சொல்லு. அப்புறம் ஈயத்துக்கு வா.

அன்புடன்,
அம்மா