கணக்குகளை நீங்களே பூட்டுங்கள்: ஓடிடி நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். எங்கள் பெயர், மின்னஞ்சல், கைபேசி எண் எல்லாம் உங்களிடமிருந்து கசிந்ததை ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். கடவுச்சொல்லை மாற்றிக்கொள்வது நல்லது என்று ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சலும் அனுப்பினீர்கள். எங்கள் பகுதியில் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

எங்கள் தெரு அக்கா ஒருவர் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிறார். சந்தா கட்டியது மகன், கொடுத்த எண் அக்காவுடையது. கசிவுக்குப் பிறகு, விடியற்காலை ஏல நேரத்தில் போன் வருகிறது. மகன் பெயரைச் சொல்லி, "சந்தா முடியப்போவுது, ஓடிபி சொல்லுங்க" என்கிறார்கள். அக்கா ஏமாறவில்லை. ஆனால் தெரியாத எண் என்றாலே இப்போது எடுப்பதில்லை. வஞ்சிரம் கேட்டுப் புதிதாகக் கூப்பிடும் ஓட்டல்காரரும் தெரியாத எண்தானே? அந்த வியாபாரம் அடுத்தவருக்குப் போகிறது. எண்ணை மாற்றலாம் என்றால் வங்கி, ரேஷன், கேஸ் அத்தனையும் அதில்தான் இருக்கின்றன.

பாதிக்கப்பட்ட எல்லாக் கணக்குகளையும் எல்லாக் கருவிகளிலிருந்தும் நீங்களே வெளியேற்றுங்கள். புதிய கடவுச்சொல் வைத்தால்தான் உள்ளே வர முடியும் என்று ஆக்குங்கள். முடியாத காரியமில்லை. 2024இல் டிவியில் ஓடிடி பார்க்க உதவும் அமெரிக்காவின் ரோக்கு நிறுவனத்தில், வேறெங்கோ திருடிய கடவுச்சொற்களை வைத்து சுமார் 5,76,000 கணக்குகளுக்குள் புகுந்தார்கள். தங்களிடமிருந்து கசியவில்லை என்று சொன்ன அந்த நிறுவனமே அக்கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்ற வைத்தது, கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை எல்லாப் பயனருக்கும் கொண்டுவந்தது. உங்களிடமிருந்தே கசிந்திருக்கிறது. நீங்கள் யோசனை மட்டும் சொல்கிறீர்கள்.

இணையத் தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தகவல் தர வேண்டும் என்று 2022 முதல் உத்தரவு இருக்கிறது. பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சந்தா சேர்க்கத் தமிழில் விளம்பரம் செய்யத் தெரிந்த உங்களுக்கு, என்னென்ன கசிந்தது என்று தமிழில் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பத் தெரியாதா?

மருந்துக்கடையில் நம்பர், துணிக்கடை பில் போடும் இடத்தில் நம்பர். கேட்டு வாங்குகிற யாரும் அதைக் காப்பது தன் பொறுப்பு என்று நினைப்பதில்லை. ஆத்திரமாக வருகிறது. அதை இங்கே நீட்டவில்லை.

தயவுசெய்து கணக்குகளை நீங்களே பூட்டுங்கள். தமிழில் தகவல் அனுப்புங்கள். ஓடிபி கேட்டு நீங்கள் ஒருபோதும் அழைப்பதில்லை என்றால் அதையும் அந்தச் செய்தியிலேயே எழுதுங்கள். பணம் போனவர்கள் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்கலாம் என்றும் சேருங்கள். உங்களை அழைத்தால் தமிழில் பேச ஒரு ஆள் இருக்கட்டும். இந்த வாரத்துக்குள் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு சந்தாதாரர்