அச்சு நூலும் மின்நூலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் பழைய சந்தையான மூர் மார்க்கெட் 1985இல் எரிவதற்கு முன்பே அங்குப் பழைய புத்தகங்களைத் தேடி அலைந்தவன் நான். மின்நூல் கருவி வாங்குவது அச்சு நூலுக்குச் செய்யும் துரோகம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். கண்புரை அறுவைக்குப் பிறகு, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதிக்காகவே அதைக் கையில் எடுத்தேன். அதன் இ-இங்க் திரை (அச்சிட்ட தாள்போலத் தோன்றும் மின்மைத் திரை) கைப்பேசியைப் போலக் கண்ணைக் கூசச் செய்வதில்லை. பெரும்பாலும் பக்கம் மாறும்போதுதான் மின்சாரம் செலவாவதால், ஒருமுறை சார்ஜ் செய்தால் பல நாள்கள் தாங்குகிறது. தமிழ் இலக்கியங்களை இணையத்தில் தருவதற்காக 1998இல் தொடங்கிய தன்னார்வ முயற்சியான மதுரைத் திட்டம் இலவசமாக வழங்கும் சங்க நூல்களை, தடித்த தொகுதிகளைச் சுமக்காமல், ரயிலிலேயே படிக்க முடிகிறது. ஆயினும் ஓரத்தில் பென்சிலால் குறிப்பெழுதும் பழக்கம் விடவில்லை என்பதால், பிடித்த நூலை அச்சிலும் வாங்கிவிடுகிறேன் (வீட்டில் இதற்கு ஏச்சும் கிடைக்கிறது). கன்னிமாரா போன்ற பெரிய நூலகங்களிலாவது பார்வை மங்கிய முதியோருக்கு இக்கருவிகளை இரவல் தர அரசு முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை