மகளின் முதல் நாவல் கணக்கு வந்த வாரத்தில்

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில் அழுதுகொண்டே வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிடலாம் என்றால் நீ ஆபீசில் இருப்பாய், பேச வேண்டியதைப் பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஜனவரி புத்தகக் காட்சிக்கு வந்த நாவல் இருநூறு பிரதிகூடப் போகவில்லை என்று பதிப்பகத்திலிருந்து கணக்கு வந்திருக்கிறது. “இதுக்காம்மா இத்தனை வருஷம்?” என்று கேட்டாய். கேள்வி நியாயமானதுதான். 200 ரூபாய் புத்தகம், 10 சதவீத ராயல்டி, பிரதிக்கு 20 ரூபாய். 300 பிரதி விற்றிருந்தாலும் 6,000 ரூபாய்தான். ஹைதராபாத்தில் அது உன் அறை வாடகைக்கே பற்றாது. ஆனால் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு “எனக்கு எழுத வரலை, இனி எழுதப் போறதில்லை” என்று நீ சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் எழுத வந்தது எண்பதுகளின் கடைசியில். 1969ல் ராணிமுத்து வந்ததிலிருந்து மாத நாவல் படிக்கிற பழக்கம் ஊரெல்லாம் பரவியிருந்தது. ஈரோடு பஸ் ஸ்டாண்டில் கடைக்குக் கடை கயிறு கட்டி, கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். சேலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண் ஒன்றை வாங்கி ஏறினால் இறங்குவதற்குள் முக்கால்வாசி படித்துவிடுவாள். 96 பக்கம், அதாவது ஒரு ஃபாரத்துக்கு 16 பக்கமாக 6 ஃபாரம். அதற்கு மேல் ஒரு வரி ஓடினாலும் பத்திரிகை ஆசிரியர் கடைசி அத்தியாயத்தில் கை வைத்துவிடுவார். அதனால் என் கையெழுத்தில் எத்தனை முழுத்தாள் எழுதினால் ஒரு ஃபாரம் வரும் என்று கணக்கு வைத்துக்கொண்டுதான் எழுதுவேன். கதாநாயகியின் அம்மா சாகும் இடத்தை நாலு பக்கத்திலிருந்து ஒன்றரைப் பக்கத்துக்குக் குறைத்தபோது அது முன்பைவிட நன்றாக இருந்தது. சுருக்கி எழுதும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது.

விடியற்காலை எழுந்து, குழாயில் தண்ணீர் வருவதற்குள் எழுதினால் உண்டு. ஒரு நாவலுக்கு ஒரே தொகை. ஆயிரக்கணக்கில் விற்றாலும் சரி, கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தாலும் சரி, அவ்வளவுதான். உன் பள்ளிக்கூடக் கட்டணம் அந்தப் பணத்தில் கட்டியது. வீட்டு வாடகை அப்பாவின் மின்வாரியச் சம்பளத்தில்.

அப்புறம் 1993ல் சன் டிவி வந்தது. தொண்ணூறுகள் முடிவதற்குள் என்னைப் படித்த பெண்களெல்லாம் சாயங்காலமானால் தொடர் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். மாதா மாதம் நாவல் கேட்டுக் கடிதம் போட்ட பத்திரிகைக்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒன்று போதும் என்றார்கள், பிறகு அதுவும் நின்றது. அதே கை, அதே விடியற்காலை, அதே தாள்தான். எதுவும் விற்காத அந்த நாட்களில் நான் எழுதியது முன்னதைவிட மோசமாக இல்லை. நிதானமாக எழுத நேரம் கிடைத்ததால், சொல்லப்போனால், கொஞ்சம் நன்றாகவே இருந்தது.

அதற்குப் பிறகு, இரண்டு நாவலைச் சேர்த்துக் கட்டிப் பெரிய புத்தகமாகப் போட ஒரு பதிப்பாளர் முன்வந்தார். அவர் நம்பியது அரசு நூலகங்களுக்கு மொத்தமாக வாங்கும் நூலக ஆர்டரை. நாம் வீட்டு வரியோடு கட்டும் நூலக வரியிலிருந்துதான் அந்தப் புத்தகங்களை வாங்குகிறார்கள். ஆர்டர் வந்த வருஷம் எனக்குப் புது நாவல் உண்டு. வராத வருஷம், “பார்க்கலாம்மா” என்பார். 2020ல் பொதுமுடக்கம் வந்தது. பஸ் ஓடவில்லை, பஸ் ஸ்டாண்ட் கடையும் இல்லை. 1941ல் தொடங்கிய கல்கியே அந்த வருஷம் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது. அந்தச் சமயத்தில் நீதான் என் பழைய நாவல்களை டைப் செய்ய வைத்து மின்நூலாகக் கிண்டிலில் ஏற்றினாய். படித்த பக்கத்துக்கு இத்தனை காசு என்று வருகிறது. பஸ் ஸ்டாண்டில் விலைபோகாமல் திரும்பிய ஒரு நாவலை இப்போது எங்கிருந்தெல்லாமோ படிக்கிறார்கள். அதில் நான் ஒரு வரிகூட மாற்றவில்லை, உனக்கே தெரியும்.

இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், உன் நாவல் ஏன் போகவில்லை என்பதற்கு உன் எழுத்துக்கு வெளியே எத்தனையோ காரணம் இருக்கும். முன்பெல்லாம் ஒரு நாவல் என்றால் 1,200 பிரதி அடிப்பார்கள். இப்போது நூறு, இருநூறு அடித்துவிட்டு, கேட்டால் மறுபடி அடிக்கிறார்கள். ஜனவரிக்குப் பிறகு எந்தக் கடையில் உன் புத்தகம் கண்ணில் படும்படி இருந்தது, சொல்.

மாத நாவல் காலத்தில் திருப்பூர் மில் விடுதியிலிருந்து ஒரு பெண் தபால் கார்டு போட்டாள். ஒருத்தி படிக்க மற்றவர்கள் கேட்பார்களாம். “அக்கா, அடிச்ச புருசன்கிட்டயே அவ ஏன் திரும்பிப் போனா? நாங்க அன்னிக்குச் சோறு திங்கல” என்று எழுதியிருந்தாள். எந்த விற்பனைக் கணக்கும் என்னை அப்படி உலுக்கியதில்லை. அதற்குப் பிறகு என் கதையில் எந்தப் பெண்ணையும் காரணமில்லாமல் திருப்பி அனுப்பியதில்லை.

உன் நாவலைப் பற்றியும் சொல்கிறேன், அம்மாவாக இல்லாமல், எழுதுகிறவளாக. ஹைதராபாத் பகுதிகளில் அவசரம் தெரிகிறது. ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் ஒரே மாதிரிப் பேசுகிறார்கள். ஆனால் சென்னிமலை அத்தியாயம்! தறியை விற்ற பிறகு அந்தப் பாட்டி, தறிக்காகத் தோண்டிய, இன்னும் மூடாத குழியின் ஓரத்தில் உட்கார்ந்திருக்க, கால் தானாக மிதிக்கட்டையைத் தேடுகிறதே, அதை என்னால் எழுதியிருக்க முடியாது. அந்த இடத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

வேலையை மட்டும் விடாதே. போன மாதம் முழுநேரமாக எழுதப் போகிறேன் என்றாய், இந்த மாதம் எழுதவே போவதில்லை என்கிறாய். இரண்டுமே வேண்டாம். தி. ஜானகிராமன் வானொலியில் வேலை பார்த்தார், பூமணி கூட்டுறவுத் துறையில், இமையம் பள்ளி ஆசிரியராக. சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. அவருடைய முதல் நாவல் 1966ல், இரண்டாவது 1981ல். நடுவில் 15 வருஷம். உனக்கு இன்னும் ஒரு வருஷமே ஆகவில்லை.

இன்னொன்று, பதிப்பகத்தோடு போட்ட ஒப்பந்தத்தின் நகலைப் பத்திரமாக வை. என் தோழி ஒருத்தி “எல்லா உரிமையும்” என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இன்றைக்குத் தன் நாவலைத் தானே மின்நூலாகப் போட முடியாமல் தவிக்கிறாள். 1957 காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் படி. உரிமை எத்தனை காலத்துக்கு என்று தாளில் எழுதாவிட்டால் 5 வருஷம்தான். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். அச்சு, மின்நூல், ஒலிநூல், சினிமா ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதி வாங்கு. என் நாவல்களுக்கு ஒரு பச்சை அட்டை நோட்டு வைத்திருக்கிறேன், எது யாரிடம், எப்போது திரும்பும் என்று. நான் போன பிறகும் 60 வருஷம் அது உனக்குச் சேர வேண்டியது, அதனால் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிடு.

ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா வருகிறது. ஒரு வாரம் லீவு போட்டுக்கொண்டு வா. சென்னிமலையில் தெருவில் பாவு நீட்டுவதை, அதாவது நெசவுக்கான நூலை நீளமாக விரித்துக் கட்டுவதை, பார்க்க வேண்டும் என்றாயே, அதற்கு விடியற்காலையிலேயே போய்விட வேண்டும், வெயில் ஏறினால் முடித்துவிடுவார்கள் என்று மாமா சொன்னார். சனிக்கிழமை வந்து இறங்கினால் மறுநாளே போகலாம். இரண்டாவது நாவலுக்கு எழுதி வைத்திருக்கும் பக்கங்களையும் எடுத்து வா, முடியாமல் இருந்தாலும் பரவாயில்லை, நான் படிக்க வேண்டும். டிக்கெட் போட்டதும் அப்பாவுக்கு ஒரு போன் பண்ணிவிடு.

அன்புடன்,
அம்மா