கவி, திருவண்ணாமலைக்கு வீடு பாக்கறதுக்கு முன்னாடி

அன்புள்ள கவி,

உன் வாய்ஸ் நோட்ட முழுசா கேட்டேன். பதிலும் வாய்ஸ்லயே சொன்னா நடுவுல குக்கர் விசில், காலிங் பெல், உங்க அத்தான் "என் கண்ணாடிய பாத்தியா" எல்லாம் சேந்து ரெக்கார்ட் ஆகும், அதான் எழுதறேன். எல்லாரும் படிக்கற மாதிரி போடறேன்னதுக்கு நீ தான் ஓகே சொன்ன, அப்புறம் மானத்த வாங்கிட்டேன்னு சண்டைக்கு வராத.

மும்பைல ஆன்மிகத்துக்கு இடமே இல்லங்கற. ஐரோலில ஆபீஸ், வாஷில ரூம், போறப்பவும் கூட்டம் வர்றப்பவும் கூட்டம், நமக்குள்ள என்ன நடக்குதுன்னு திரும்பிப் பாக்கக்கூட நேரமில்ல, அதனால வேலைய விட்டுட்டு திருவண்ணாமலைல ஒரு வீடு எடுத்து ஒரு வருஷமாவது இருக்கப் போறங்கற. இகத்புரில பத்து நாள் விபாசனா தியான கோர்ஸ் இருந்துட்டு வந்தப்பவும் இதே தான் சொன்ன. விடிகாலைல 4 மணிக்கு பெல், போன் கிடையாது, பேச்சு கிடையாது, படிக்க புக் கூட கிடையாது, கடைசில மனசு அவ்ளோ லேசா இருந்துச்சாம், மலை இறங்கி கசாராவுல லோக்கல் ஏறினதும் எல்லாம் போச்சாம்.

எனக்கென்னமோ கசாராவுல தான் கோர்ஸே ஸ்டார்ட் ஆச்சுன்னு தோணுது. அங்க சொல்லித் தர்றது என்ன, உடம்புல வலியோ அரிப்போ வந்தா உடனே ரியாக்ட் பண்ணாம அது வர்றதையும் போறதையும் பாருன்னு தான? சத்தமே இல்லாத ஹால்ல முட்டி வலிய பாத்துடலாம்டி. ஒருத்தி முழங்கைய நம்ம விலாவுல வச்சு அழுத்தறப்ப உள்ளருந்து ஒண்ணு கிளம்புது பாரு, அதப் பாக்கறது தான் கஷ்டம், அதுக்கு தாணே, குர்லா ஸ்டேஷன் கூட்டத்த விட்டா வேற இடம் கிடையாது.

ஃபோர்த் சீட்ட எடுத்துக்கோ. உனக்குத் தெரியும், ஊர்ல இருந்து படிக்கறவங்களுக்காக சொல்றேன், மூணு பேர் உக்கார்ற பெஞ்சுல நாலாவதா ஒருத்தி ஓரத்துல ஒட்டிக்குவா, பாதி உடம்பு பெஞ்சுல பாதி அந்தரத்துல, ஒரு கால நடைபாதைல ஊனிக்கிட்டே வரணும், அதான் ஃபோர்த் சீட். காலைல பன்வேல் லோக்கல் செம்பூர் வர்றதுக்குள்ள ஃபுல்லாயிடும். மான்குர்துக்கு முன்னாடியே ஏறி உக்காந்தவங்கல்லாம் கண்ண மூடிக்கிட்டிருப்பாங்க, தூங்கறாங்களா நம்மள பாக்கக் கூடாதுன்னு மூடியிருக்காங்களான்னு அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம். "தோடா சர்கோ நா"ம்பேன், கொஞ்சம் நகருங்களேன்னு அர்த்தம். ஓரத்துல இருக்கறவ ஒரு பெருமூச்சு விட்டுட்டு அரை இஞ்ச் நகருவா. உடனே எனக்குள்ள ஆரம்பிச்சுடும், என்ன பொம்பள இவ, இவளும் ஒரு நாள் நின்னுக்கிட்டு வந்தவ தான, மனுஷிக்கு மனுஷி ஒரு இரக்கம் வேணாமா.

அதே நாள் சாயங்காலம் சிஎஸ்எம்டில, லோக்கல் கிளம்பற ஸ்டேஷன் அது, ட்ரெயின் காலியா வந்து நிக்கும், நிக்கறதுக்கு முன்னாடியே தாவி ஏறி விண்டோ சீட்ட பிடிச்சுடுவேன் (உங்க அத்தானுக்கு இது தெரிய வேணாம்). சாய்ஞ்சு உக்காந்து காத்து முகத்துல படறப்ப, மஸ்ஜித்ல ஒருத்தி ரெண்டு கட்டப்பையோட ஏறி வந்து அதே "தோடா சர்கோ நா". இப்ப உள்ள என்ன ஓடும் தெரியுமா, மூணு பேர் சீட்டுன்னா மூணு பேர் தான, ரயில்வே என்ன முட்டாளா, ஒரு ஒழுங்கு வேணாமா. காலைல இரக்கம் பேசினவ சாயங்காலம் ரூல்ஸ் பேசறா.

உள்ள ஒரு வக்கீல் இருக்கா கவி. நான் எந்த சீட்டுல உக்காந்திருக்கேனோ அந்த சீட்டுக்காக ஃபீஸ் வாங்காம வாதாடுவா. அவள முதல்ல கவனிச்சப்ப சிரிப்பு தான் வந்துச்சு, அப்புறம் லேசா பயம், ஏன்னா அவ ட்ரெயினோட இறங்கிடறதில்ல, வீட்டுக்கும் வர்றா. வீட்டு வேலைக்கு வர்றவங்க ரெண்டு நாள் லீவ் கேட்டா "மாசத்துக்கு எத்தன லீவு"ங்கறா, மறுநாள் எங்க மேனேஜர் எனக்கு லீவ் தர யோசிச்சா "இவங்கல்லாம் மனுஷங்களா"ங்கறா. ரெண்டும் என் வாய், ரெண்டும் அந்தந்த நேரத்துக்கு சத்தியமான நியாயம். அப்ப இதுல எது தான் நான்னு கேள்வி வருதா இல்லையா?

நீ தேடிப் போறயே, அந்த திருவண்ணாமலை ரமணர் கேக்கச் சொன்னதும் அதத் தான. கோபமோ பயமோ எந்த நெனப்பு வந்தாலும் அது பின்னாடியே ஓடாம, இது யாருக்கு வந்துச்சு? எனக்கு. அந்த நான் யாரு? இத முதல்ல அவர்கிட்ட கேட்டு வாங்கினவர் காட்டுல தவம் பண்ணினவர் இல்லடி, சிவப்பிரகாசம் பிள்ளைன்னு ரெவென்யூ டிபார்ட்மென்ட்ல வேலை பாத்தவர், 1902ல ஆபீஸ் வேலையா திருவண்ணாமலை வந்த இடத்துல கேட்டார். ரமணர் அப்ப பேசறதில்ல, எழுதித் தான் காட்டினார். ஆபீஸ் டூர்ல வந்தவருக்குக் கிடைச்ச பதில் தான் இன்னிக்கு உலகம் பூரா போயிருக்கு.

"அவரே வீட்ட விட்டுப் போனவர் தானக்கா"ன்னு நீ கேப்ப. ஆமா. 1896ல, 16 வயசுல, அண்ணனோட காலேஜ் ஃபீஸுக்காக குடுத்த 5 ரூபாய்ல 3 ரூபாய எடுத்துக்கிட்டு, மீதி 2 ரூபாய ஒரு லெட்டரோட வச்சுட்டு மதுரைல ட்ரெயின் ஏறினார். ஆனா அதுக்கு சில வாரம் முன்னாடியே, மாடி ரூம்ல திடீர்னு சாவு பயம் வந்து கட்டை மாதிரி படுத்து, சாகறது எதுன்னு பாத்தாரே, அது மதுரைல சித்தப்பா வீட்ல நடந்தது. கிளம்பினது அதுக்கப்புறம் தான். அப்புறம் 1916ல அம்மா வந்து அவரோடயே தங்கிட்டாங்க, மலை மேல ஸ்கந்தாசிரமத்துல அடுப்பு மூட்டி சமைக்கவும் ஆரம்பிச்சாங்க! வீட்ட விட்டுப் போனவர் பின்னாடியே அடுப்பு வந்துடுச்சு. பின்னால ஆசிரமம் பெருசானப்ப அவரே விடியறதுக்கு முன்னாடி கிச்சன்ல உக்காந்து காய் நறுக்கினார், சட்னி அரைச்சார், கீழ சிந்தின அரிசியக் கூட வீணாக்க விட மாட்டார். குடும்பத்த விட்டுட்டு வரட்டுமான்னு கேட்டவங்கள அவர் பெரும்பாலும் ஊக்குவிச்சதில்ல, வீட்ல இருந்தாலும் காட்டுல இருந்தாலும் மனசு கூடவே தான் வரும்னுட்டார்.

எதிர் வீட்டு காக்கு, மராத்திக்கார அம்மா, இதையே மராத்தில சொல்லுவாங்க. ஆஷாடி ஏகாதசிக்கு வடாலா விட்டல் கோயில் க்யூல நிக்கறப்ப எனக்கு சாவதா மாளி கதைய சொன்னது அவங்க தான். 13ம் நூற்றாண்டுத் தோட்டக்காரர், ஊர் சோலாப்பூர் பக்கம் அரண், விட்டலன் கோயில் இருக்கற பண்டரிபுரம் பக்கத்துல தான், ஆனாலும் தோட்டத்த விட்டுட்டு அங்க போகலயாம், வெங்காயமும் முள்ளங்கியும் கீரையும் தான் என் விட்டலன்னு பாடினவர். அப்புறம் ஜனாபாய், விட்டல பக்தர் நாமதேவர் வீட்டு வேலைக்காரி, அவ மாவு அரைக்கறப்ப பாண்டுரங்கனே, அதே விட்டலன் தான், வந்து திருகைய சுத்தினான்னு கதை.

இந்த இடத்துல எனக்கு ஒரு எரிச்சல் உண்டு, சொல்லிடறேன். பாத்திரம் தேய்க்கறதும் தியானம் தான்னு ரீல்ஸ்ல உருகறவங்கள்ல பாதிப் பேர் வீட்ல பாத்திரம் தேய்க்கறது வேற யாரோ. ஜனாபாய்க்கு அந்த திருகை லேசா சுத்தல, கை வலிச்சதால தான சாமி வந்து பிடிக்க வேண்டி இருந்துச்சு! அதனால வேலையே தியானம்னு உனக்கு கதை விட மாட்டேன். உன் ஆபீஸ் வேலை சத்தியமா போர். அந்த போர் அடிக்கறப்ப, டீம் லீட் உன் பேர விட்டுட்டு மெயில் அனுப்பறப்ப, உள்ள யார் எழுந்து வந்து வாதாடறான்னு பாக்கலாம், அவ்ளோ தான் சொல்றேன். அதுக்கு தனியா நேரம் ஒதுக்க வேணாம். தியானம் பண்ற பழக்கத்தையும் விடாத, காலைல உக்கார்ற அந்த அரை மணி இருந்தா தான் மத்த நேரம் அவ கண்ணுல படுவா.

திருவண்ணாமலை போ, நான் வேணாங்கல. ஆனா லீவ் போட்டுட்டு போ, பேப்பர் போட்டு வேலைய விட்டுடாத. கார்த்திகை தீபத்தப்ப போகாத, பௌர்ணமியும் வேணாம், அந்த 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதைல குர்லா தோத்துடும். ஆசிரமத்துல தங்கணும்னா முன்கூட்டியே எழுதிக் கேக்கணும், நேர போய் நின்னா ரூம் இருக்கும்னு நம்பாத. மே மாசம் போனன்னா கால் கொப்புளிச்சு தான் வருவ. சித்தப்பாகிட்ட மட்டும் நீயே பேசிக்கோ, நான் சொன்னா "இவளக் கெடுத்ததே நீ தான்"னு ஆரம்பிப்பாரு, எனக்கு இந்த வாரம் ஆடிட் வேற.

அன்புடன்,
செம்பூர் அக்கா