கடைசிக் கால் மாத்திரை

அன்புள்ள செல்வம்,

மனச்சிதைவு போன்ற நோய்களுக்குத் தரும் மருந்துகள் பற்றிய உன் பாடக் குறிப்பு வந்து வெகுநாளாகிறது. நீ திட்டியதையும் வட்டியோடு வாங்கிக்கொண்டேன். இங்கே எல்லோரும் நலம். மூர்த்தி மறுபடியும் சதுரங்கத்தில் இறங்கிவிட்டான். மேற்கொண்டு நீயே ஊகித்துக்கொள்.

இனி சண்டை. "மருந்து ஏற்பியை அடைக்கும், நோய் அடங்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாயே! எத்தனை ஏற்பியை, எவ்வளவு நேரம் என்று பிள்ளைகள் கேட்க மாட்டார்களா? ஏற்பி என்பது மூளைச் செல்லின் மேல் இருந்து வேதிச் செய்தியை வாங்கும் புரதம். மருந்தின் நேர்மின்னேற்ற நைட்ரஜன், டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளுக்கான டி2 ஏற்பியில் 114ஆம் இடத்து அஸ்பார்டேட் என்ற அமினோ அமிலத்தைப் பிடிக்கிறது. டோபமைன் பிடிப்பதும் அதையேதான். நிரந்தரப் பிணைப்பு கிடையாது, ஒட்டும், விலகும். ஹாலோபெரிடால் மெல்ல விலகும், குளோசபின் சட்டென்று விலகிவிடும்.

கபூர் குழுவினர் 2000இல் ஹாலோபெரிடாலை வைத்து, மூளையைப் படமெடுக்கும் பெட் ஸ்கேனில் பார்த்த எல்லைகளைக் கட்டாயம் சேர்த்துவிடு. 65% ஏற்பிகள் அடைபட்டால் பலன் தெரிகிறது, 72% தாண்டினால் புரோலாக்டின் என்ற பால்சுரப்பு ஹார்மோன் ஏறுகிறது, 78% தாண்டினால் விறைப்பும் நடுக்கமும். குளோசபின் 65%க்குக் கீழேயே பலன் தரும். அரிப்பிப்ரசோல் 80%க்கு மேல் போனாலும் பெரும்பாலும் விறைப்பு வராது. அது ஏற்பியை அடைத்துக்கொண்டே கொஞ்சம் தூண்டவும் செய்கிறது.

என்னை உண்மையில் உறுத்துவது, மருந்தின் அளவுக்கு ஏற்ப அடைபடும் ஏற்பிகளும் ஒரே சீராகக் கூடும் என்று காட்டும் உன் நேர்கோட்டு வரைபடம். பாதி ஏற்பிகள் நிரம்பும் மருந்துச் செறிவுதானே நம் பழைய கேடி (Kd)? செறிவு அதைப்போல் 4 மடங்கானால் 80% அடைபடும். 3 மடங்கில் 75, 2 மடங்கில் 67, 1 மடங்கில் 50. அடுத்த படி பூஜ்யம்! மருந்தைச் சமமாகக் குறைத்துக்கொண்டு வந்தவருக்கு முதல் படியில் போவது 5, கடைசிப் படியில் ஒரேயடியாக 50.

மாதக்கணக்கில் அடைபட்டிருந்த ஏற்பிகள் எண்ணிக்கையில் கூடி, டோபமைனுக்கு அதிகமாகத் துள்ளும். அந்த நேரத்தில் தடுப்பு மொத்தமாக விலகினால் தூக்கம் கெடும், படபடப்பு வரும், சிலருக்குக் குரல்களும் கேட்கும். உடனே "நோய் திரும்பியது" என்று குறிப்பெழுதி விடுகிறார்கள். திரும்பியும் இருக்கலாம், ஆனால் கடைசியாக எவ்வளவு குறைத்தோம் என்று யாராவது பார்க்கிறார்களா? இதை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

80, 60, 40, 20 என்று ஏற்பிக் கணக்கில் இறங்க வேண்டுமானால் செறிவு கேடியைப்போல் 4, 1.5, 0.67, 0.25 மடங்கு என்று போக வேண்டும். அவ்வளவு சிறிய அளவுக்குத் திரவ மருந்துதான் சரி. மெல்லக் கரையும் மாத்திரையை உடைத்தால் மருந்து மொத்தமும் ஒரேயடியாக இறங்கும். மாதாந்திர ஊசி போட்டவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு, அது தானாகவே மெல்ல வடியும். மருத்துவர் கண்காணிப்பில் செய்ய வேண்டியது என்பதைத் தடித்த எழுத்தில் போடு. குளோசபினைத் திடீரென நிறுத்தினால், அது அடைத்து வைத்திருந்த மஸ்கரினிக் (அசிட்டைல்கோலின்) ஏற்பிகளும் விடுபட்டு வாந்தி, வியர்வை என்று தனி ரகளை.

படத்தைத் திருத்தி அனுப்பு.

உன்,
ராகவன்

பி.கு.: இதே வகை மருந்தான குயெட்டியாபின் 25 மில்லிகிராமில் தூக்கம் வருவதை டோபமைன் கணக்கில் எழுதியிருக்கிறாய். அது ஹிஸ்டமின் எச்1 ஏற்பியின் வேலை. அந்த அளவில் டி2 பக்கம் அது அநேகமாக எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.