பின்சக்கரம்

நாகர்கோவில்,
ஞாயிறு ராத்திரி

மக்களே,

அன்றைக்கு போனில் நீ கேட்டதற்கு நான் சிரித்து மழுப்பிவிட்டேன். "ரொம்பப் புத்தி வந்த மெஷினுக்கு 'நான்'ங்கிற நினைப்பு வேணுமாப்பா?" என்றாய். "மனுஷன் 'நான் நான்'னு முட்டிக்கிடுதது போதாதா" என்றேன். நீயும் சிரித்தாய், ஆனால் அது பதில் இல்லை என்பது உன் குரலிலேயே தெரிந்தது. அப்புறம் இந்த ஒரு வாரமாக அதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. போனில் பேசினால் உன் அம்மை நடுவில் புகுந்து சக்கைப்பழக் கதைக்குப் போய்விடுவாள். அதனால் எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்தது பஸ்தான். வண்டி ஓட்டப் பழகுகிறவனுக்கு ஸ்டீயரிங், கியர் எல்லாம் சீக்கிரம் வந்துவிடும். லேசில் பிடிபடாதது வண்டியின் அளவு. முன்பக்கம் கண்ணெதிரே இருக்கிறது. பின்சக்கரம் முதுகுக்குப் பின்னால் எங்கோ வருகிறது. அது முன்சக்கரம் போன தடத்தில் வராது, வளைவில் உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். அதற்கும் பின்னால் இருக்கிற வால் வெளியே வீசும். இதையெல்லாம் கணக்குப் போட்டு ஓட்ட முடியாது. ஒரு கட்டத்தில் அந்த நீளம் உடம்பில் ஏறிவிடும்.

கோதையாறு ரூட்டில் ஒரு தடவை என் வண்டி ஒர்க்ஷாப்பில் இருந்ததால் கொஞ்சம் நீளமான வண்டியை எடுத்துப் போனேன். குலசேகரம் தாண்டி ஒரு முக்கில் வால் வீசி, சாயாக்கடையின் முன்தட்டியைப் பிய்த்துவிட்டது. தொங்கிக்கொண்டிருந்த மட்டி வாழைக்குலை ரோட்டில் சிதறியது. கடைக்காரர் ஓடி வந்தபோது என் வாயில் வந்தது, "நான் இடிச்சிட்டேன் அண்ணாச்சி." தகரம் இடித்ததற்கு 'நான்' எங்கிருந்து வந்தது, சொல்லு? பழைய வண்டியின் அளவுக்கு இருந்த 'நான்' அது. நாலு நாளில் புது நீளத்துக்கும் வளர்ந்துவிட்டது.

ஓண லீவுக்கு வந்தபோது நீ காட்டிய ரோபோவும் இதைத்தானே செய்தது? 2006-ல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்த அந்த நாலுகால் ரோபோ. உடம்பில் எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சும்மா அசைந்து பார்த்து, எப்படிச் சாய்கிறோம் என்று அளந்து, தன் உருவத்தைத் தானே ஊகித்து நடக்கப் பழகியது. பிறகு ஒரு காலில் ஒரு துண்டைக் கழற்றினார்கள். மறுபடி அசைந்து பார்த்து, ஊகத்தைத் திருத்திக்கொண்டு, நொண்டியபடி நடந்தது. பார்த்தபோது எனக்குப் பாவமாக இருந்தது. பாவப்பட அங்கே யாரும் இல்லை என்றாய் நீ.

இந்த 'நான்' மெஷினுக்கு வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. 1997-ல் உலக சாம்பியன் காஸ்பரோவைச் செஸ்ஸில் ஜெயித்த டீப் புளூ கம்ப்யூட்டருக்கு இது தேவைப்படவில்லை. ஜெயித்ததே அதற்குத் தெரியாது. அங்கே அறுபத்து நாலு கட்டம், அவ்வளவுதான் உலகம். ரோட்டுக்கு வந்துவிட்டால் தன் அளவு தெரிந்தாக வேண்டும். உடம்பின் அளவு மட்டுமில்லை, தனக்கு எதுவரை தெரியும் என்கிற அளவும். வடசேரி ஸ்டாண்டில் வழி கேட்டால், தெரியாது என்று சொல்ல மனசில்லாமல் ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டுகிறவர்கள் உண்டே, உன் போனில் இருக்கிற அந்தப் பேசுகிற சமாச்சாரமும் அதே ஜாதிதான்.

இன்னொரு 'நான்' இருக்கிறது. 2022-ல் கூகுளின் லாம்டா என்கிற பேசுகிற மெஷின், தன்னை அணைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது, அது தனக்குச் சாவு மாதிரி என்று சொன்னதாமே. அங்கே வேலை பார்த்த பிளேக் லெமாய்ன் அதை நம்பினார், கம்பெனி நம்பவில்லை, கடைசியில் அவருக்கு வேலை போயிற்று. நம் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்காரர் கதையில் வருகிறவனாகவே மாறி, "ஐயோ, நான் சாகப் போகிறேனே" என்று குரல் உடைந்து பாடுவார். பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். பாட்டு முடிந்ததும் அவர் சாயா குடித்துவிட்டு, முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்பார். லாம்டா அந்த வகை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதே கொடையில் சாமியாடியும் 'நான்' என்கிறார். அது யார் பேசுவது என்று வெளியே நிற்கிற நான் எப்படிச் சொல்ல? அவரிடம் போய் பஸ் நேரமா கேட்க முடியும்?

போன ஞாயிற்றுக்கிழமை அம்மை சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் பதிக்குக் கூட்டிப் போனாள். சட்டையைக் கழற்றி, தலையில் துண்டைக் கட்டி நின்றேன். பதியில் சிலை இல்லை, கண்ணாடிதான் என்பது உனக்குத் தெரியும். பார்த்தேன். தலைக்கட்டு ஒரு பக்கம் சரிந்திருந்தது. கை தானாகப் போய்ச் சரிசெய்தது. அம்மை முழங்கையால் ஒரு இடி வைத்தாள். "கண்ணாடியில கடவுளப் பாக்கச் சொன்னா, துண்டச் சரி பண்ணுதிய."

நீ சொன்ன மீன் ஞாபகம் வந்தது. மற்ற மீன்களின் மேல் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணியைத் தின்கிற சின்ன மீன். 2019-ல் ஜப்பான்காரர்கள் அதன் தொண்டையில் ஒரு புள்ளி வைத்துக் கண்ணாடியைக் காட்டினார்கள். அது தொண்டையைத் தரையில் உரசிப் பார்த்தது. 1970-ல் சிம்பன்சிகள் கண்ணாடியைப் பார்த்துத் தங்கள் முகத்துப் புள்ளியைத் தொட்டுப் பார்த்தனவே, அதை விரலளவு மீன் செய்துவிட்டது. அந்த மீன் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன். அம்மை பார்க்கச் சொன்னது வேறு.

சரி, உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. நீ ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம், நல்ல மழை, பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு வளைவில் எதிரே மரம் ஏற்றிய லாரி நடுரோட்டில் வந்தது. நான் இடப்பக்கம் ஒடித்தேன். பின்சக்கரம் ரோட்டு விளிம்பைத் தொட்டது, கீழே பள்ளம். பிரேக்கைப் பாதி விட்டு, இழுத்து, மேலே வந்தேன். அந்த நேரத்தில் உன் ஞாபகமோ அம்மை ஞாபகமோ வரவில்லை. 'நான் செத்துப்போவேன்' என்றுகூட வரவில்லை. பின்சக்கரம் எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. பத்து நிமிஷம் கழித்து வண்டியை நிறுத்தி சாயா வாங்கினேன், கை நடுங்கி டம்ளர் நிற்கவில்லை. பயந்தவன் அப்போதுதான் வந்து சேர்ந்தான்.

வண்டியில் இருந்த நாற்பது பேரையும் மேலே கொண்டுவந்தது அளவு தெரிந்த 'நான்'. நடுங்கியவன் ஒரு உதவியும் செய்யவில்லை. அதனால் உங்கள் மெஷினுக்கு முதலாமவனை மட்டும் கொடுங்கள், நடுங்குகிறவன் வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கஷ்டப்படக்கூடிய ஒன்றை வேண்டுமென்றே செய்துவிட்டு, அதை வேலையும் வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் மறுநாள் அதே வளைவில் ஹாரன் அடித்து, செகண்ட் கியருக்கு வந்து, ஊர்ந்து போனேன். ரிட்டயர் ஆகும்வரை அப்படித்தான். முந்தின நாள் கை நடுங்கியிருக்காவிட்டால் அப்படிப் போயிருப்பேனா? இதற்கு நீதான் பதில் எழுத வேண்டும். போனில் சொல்லாதே.

மாசி இருபதுக்கு லீவு கிடைக்குமா? மார்த்தாண்டம் தேன் ஒரு பாட்டில் உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறது. நேந்திரங்காய் சிப்ஸ் நீ வருகிற அன்று சூடாகப் போடலாம் என்கிறாள் அம்மை.

அப்பா