வாசலில் கார், நிலைப்படியில் சாவி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கவனமில்லாத ஆட்களின் கார்தான் திருடு போகிறது, சாவியைப் பத்திரமாக வைத்திருப்பவருக்குப் பயமில்லை என்கிற பொருளில் அம்மாபேட்டை வாசகர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். சாவியை நுழைத்துத் திருகிய அம்பாசிடர் காலத்துக்கு அது சரி. சாவி சட்டைப்பையிலேயே இருக்க, கைப்பிடியைத் தொட்டதும் கதவு திறந்து, பட்டனை அழுத்தினால் கிளம்புகிற இன்றைய கார்களுக்குப் பொருந்தாது. 2022-ல் லண்டனில் இயன் டேபர் என்பவரின் டொயோட்டா ராவ்-4 களவு போனது. அதற்கு முன்பே அவர் காரின் முன்பக்க பம்பரை நெம்பி, ஹெட்லைட் வயரைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். யாரோ விஷமத்தனம் செய்திருக்கிறார்கள் என்றுதான் அவரும் நினைத்தார். பிறகு ஒருநாள் காரே இல்லை. ஹெட்லைட் வயர் வழியாகக் காரின் மின்னணு இணைப்புக்குள் போலிச் செய்தியைச் செலுத்தி, சாவியே இல்லாமல் ஓட்டிப் போயிருந்தார்கள். பறிகொடுத்தவர் யார் என்றால், கார்களின் மின்னணுப் பாதுகாப்பை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர்! அவரைக் கவனமில்லாதவர் என்று சொல்ல முடியுமா?

நம் ஊர்த் திருடனுக்கு அவ்வளவு மெனக்கெடல்கூடத் தேவைப்படாது. ஒன்றிரண்டு மீட்டருக்கு மட்டும் எட்டுகிற சன்னமான சிக்னலில், சாவி பக்கத்தில் இருக்கிறதா என்று கார் கேட்கும். சாவி தன் ரகசியக் குறியீட்டில் பதில் சொல்லும். திருடர்கள் இருவராக வருவார்கள். காரருகே ஒருவன், வீட்டு வாசலில் ஒருவன், கையில் ஆளுக்கொரு கருவி. காரின் கேள்வியை ஒருவன் பிடித்து அனுப்ப, கதவுக்கு அந்தப் பக்கம் தொங்கும் சாவிக்கு எட்டும்படி மற்றவன் அதைத் திருப்பிச் சொல்கிறான். பதிலும் அதே வழியில் வந்து சேர்கிறது. கோபத்தில் பேச்சை நிறுத்திக்கொண்ட அப்பா அம்மாவுக்கு நடுவே பிள்ளை தூது போகிற கதைதான். தூது போகிற பிள்ளைக்குச் சண்டையின் காரணம் தெரிய வேண்டியதில்லை. அதனால் குறியீடு எவ்வளவு கடினமாக இருந்தாலும் பயனில்லை, அதை யாரும் உடைக்கப் போவதே இல்லை. வண்டி ஒருமுறை கிளம்பிவிட்டால் சாவி விலகிப் போனாலும் இன்ஜின் நிற்காது. நடுரோட்டில் திடீரென நின்றால் ஆபத்து என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். எச்சரிக்கை ஒலி மட்டும் வரும். நள்ளிரவில் சேலத்தில் எடுத்த வண்டி, விடிவதற்குள் தொப்பூர் கணவாயைத் தாண்டி ஓசூர் எல்லையில் நிற்கும்.

செவ்வாய்ப்பேட்டை, குகை, அரிசிப்பாளையம் தெருக்களைப் பாருங்கள். போர்டிகோ ஏது? திண்ணையை ஒட்டித்தான் கார் நிற்கிறது. உள்ளே நுழைந்ததும் நிலைக்கு இடப்பக்கம், சுவிட்ச் போர்டுக்குக் கீழே, தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் மயில் போட்ட மரச் சாவி ஸ்டாண்டு. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதே அமைப்புதான். காருக்கும் சாவிக்கும் நடுவே இருப்பது ஒரு மரக்கதவு. ரேடியோ அலைக்கு அது ஒரு தடையே இல்லை. ஏற்காட்டில் இன்னும் வசதி. கோடை விழா சமயத்தில் காட்டேஜ் வாசலிலேயே காரை நிறுத்திவிட்டு, ஜன்னலோர மேஜையில் சாவியை வைத்துவிட்டுக் குளிருக்குப் போர்த்திக்கொண்டு தூங்குகிறோம். சீசனில் அங்கே வெளியூர் வண்டிகளாகவே நிற்பதால், யார் வந்து எடுத்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

முதல் காரியம், அந்த ஸ்டாண்டிலிருந்து கார் சாவியை எடுத்து வீட்டின் கடைசி அறைக்குக் கொண்டு போவது. அதற்குப் பைசா செலவில்லை. அடுத்து, சிக்னலைத் தடுக்கும் உலோக இழை வைத்துத் தைத்த பவுச். மூடி இறுகிய எவர்சில்வர் டப்பா போதும் என்று சிலர் சொல்கிறார்கள். போதுமா என்பதை டப்பாவைப் பார்த்துச் சொல்ல முடியாது. சாவியை உள்ளே போட்டு மூடி, டப்பாவோடு போய்க் கார்க் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். திறந்தால் அந்த டப்பா சாம்பார் பொடிக்குத்தான் ஆகும். பவுச் வாங்கினாலும் மாதம் ஒருமுறை இந்தச் சோதனை வேண்டும், மடிந்து மடிந்து உள்துணி கிழிந்துவிடும். ஸ்பேர் சாவியை மறந்துவிடாதீர்கள், அதுவும் இரவெல்லாம் விழித்திருக்கிறது.

டொயோட்டாவின் பல மாடல்களில் பவுச்சே தேவையில்லை. சாவியில் லாக் பட்டனை அழுத்திப் பிடித்தபடி அன்லாக் பட்டனை இரண்டு முறை தட்டினால், சிறு விளக்கு நான்கு முறை மின்னி, சாவி உறங்கிவிடும். பேட்டரியை மிச்சப்படுத்தும் வசதி என்று கையேட்டில் போட்டிருக்கிறார்கள். திருட்டுக்கும் அது நல்ல மருந்து. காலையில் ஏதாவது ஒரு பட்டனை அழுத்தினால் விழித்துக்கொள்ளும். மற்ற கம்பெனிக் கார் வைத்திருப்பவர்கள் தங்கள் கையேட்டைப் புரட்டிப் பார்க்கலாம்.

இன்சூரன்ஸ் அலுவலகத்தின் மோட்டார் கிளெய்ம் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதையும் சொல்கிறேன். பவுச் எல்லாவற்றையும் தடுக்காது. கண்ணாடியை உடைத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே மெக்கானிக் ஸ்கேனர் மாட்டுகிற சாக்கெட்டில் கருவியைச் செருகி, வெற்றுச் சாவியொன்றைப் புதிதாகப் பதிவு செய்துகொள்கிற கும்பல்களும் உண்டு. அதற்குப் பழைய பாணி ஸ்டியரிங் லாக்தான். வெளியிலிருந்து பார்த்தாலே தெரிகிற மஞ்சளோ சிவப்போ நல்லது. அறுக்க நேரம் பிடிக்கும், சத்தமும் வரும். அந்த சாக்கெட்டுக்கே பூட்டு விற்கிறது. செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்கள், காரின் நினைவில் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று சர்வீஸ் சென்டரில் பார்த்து, தங்கள் கைக்கு வராதவற்றை அழிக்கச் சொல்ல வேண்டும். திருட்டு கிளெய்முக்குக் கம்பெனி முதலில் கேட்பது இரண்டு ஒரிஜினல் சாவிகளையும்தான். ஒன்றைத் தொலைத்திருந்தால் அன்றே எழுத்தில் தெரிவித்துவிடுவது உத்தமம். அங்கீகரிக்கப்பட்ட திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்தினால் பிரீமியத்தில் கழிவும் உண்டு. எவ்வளவு? நம் வண்டிக்கே ஏற்படும் சேதம், திருட்டுக்காகக் கட்டும் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய். இருபது லட்ச ரூபாய் வண்டிக்கு இந்தக் கழிவை நம்பி யார் கருவி வாங்குவார்கள்?

இத்தனை பாரத்தையும் கார் வாங்கியவர் தலையில் ஏற்றுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 2011-லேயே சூரிச் நகரின் ஈ.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களை இந்தத் தூது முறையில் சோதித்தார்கள். பத்தும் திறந்துகொண்டன. மருந்தும் கண்டுபிடித்தாகிவிட்டது. சற்று நேரம் அசையாமல் கிடந்தால் தானே உறங்கும் சாவியை ஃபோர்டு 2019-ல் ஐரோப்பாவில் கொடுத்தது. சிக்னல் போய்த் திரும்பும் நேரத்தை அளந்து, சாவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடும் அல்ட்ரா வைடுபேண்ட் முறையும் வந்துவிட்டது. ரேடியோ சிக்னலும் ஒளியின் வேகத்தில்தான் போகும், அதாவது ஒரு நானோ நொடியில் (நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு) சுமார் 30 சென்டிமீட்டர். தூது போய்ச் சுற்றி வந்தால் நேரம் கூடிக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அதை ஏமாற்றுவது மிகக் கடினம். நம்மிடம் விற்கிற காரில் இவற்றில் எது இருக்கிறது என்று ஷோரூமில் கேட்டால், சன்ரூஃபைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிறவரும் மேனேஜரைக் கூப்பிடுகிறார்.

டெலிவரி அன்று நம்மிடம் கையெழுத்து வாங்கும் தாளில் ஜாக்கி, ஸ்டெப்னி, மிதியடி வரை டிக் அடிக்கிறார்கள். சாவியின் சிக்னலை நிறுத்தும் முறையைச் செய்து காட்டினோம் என்று ஒரு வரியை அதில் சேர்க்க கார் நிறுவனங்கள் முன்வர வேண்டும். முன்வராவிட்டால் போக்குவரத்துத் துறை கட்டாயமாக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு வண்டி எடுக்க புக் செய்திருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைக்கும் முன், இந்தச் சாவியை இரவில் எப்படி அணைப்பது, வழியில்லை என்றால் நல்ல பவுச்சை நீங்களே தருவீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ் ஊழியர்,
அரிசிப்பாளையம், சேலம்.